ரத்தம் கொடுத்தேன், ஒரு வார்த்தை வரவில்லை: குடியாத்தம் தம்பிக்கு ஒரு பதில்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 24, பி பாசிட்டிவ். மூன்று வாட்ஸாப் ரத்ததானக் குழுக்களில் இருக்கிறார். ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்ட் 20ஆம் தேதி ஒரு தடவை, வேலூர் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு தடவையும் நோயாளி வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அக்டோபரில் மூன்றாவது தடவை, "மிக அவசரம், உயிருக்குப் போராடுகிறார்" என்று வந்ததை நம்பி, அரை நாள் சம்பளத்தை விட்டு பஸ் ஏறி வந்தால், அந்த நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம் ஆகிறதாம். "இன்டர்நெட்டில் உதவி செய்கிறவன் எல்லாம் இளிச்சவாயனா அண்ணா? எல்லாக் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் எப்படி இத்தனை வருஷம் இதில் கிடக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் அந்த நோயாளி அங்கேயே படுத்திருந்தாலும் உங்களைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள். ஒரு தடவை கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும், பெண்ணுக்கு 120 நாள். ஆகஸ்ட் 20இல் கொடுத்தவர் அக்டோபரில் எப்படிக் கொடுக்க முடியும்? அவசரம் என்ற சொல்லைப் பார்த்ததும் உங்களுக்குத் தேதி மறந்துவிட்டது, அனுப்பியவரும் தேதி பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அதன் அர்த்தம் தெரிந்தது.

நான் டாக்டரும் இல்லை, ரத்த வங்கியில் வேலை பார்க்கிறவனும் இல்லை. காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ் கடை. வேலூர்க்காரர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் லாட்ஜ் பலகையும் சாப்பாட்டுக் கடைப் பலகையும் பாதிக்குப் பாதி வங்காளத்தில் இருக்கும். மால்டா, முர்ஷிதாபாத், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ ரயிலேறி காட்பாடியில் இறங்கி, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்து மாசக்கணக்கில் தங்குகிறவர்கள். அவர்கள் என் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள், ஸ்கேன் ரிப்போர்ட் எடுக்க வருவார்கள், ரத்தம் வேண்டும் என்ற சீட்டையும் கொண்டு வருவார்கள். "தாதா, தாதா, பிளட்" என்று அந்தச் சீட்டை நீட்டும்போது ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருக்கும், நம்மூரில் தாதா என்றால் வேறு ஆள். அவர்கள் அண்ணன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

நம் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் நாலு பேர் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்பார்கள். நமக்கு மாமன், மச்சான், ஆபீஸ் பையன்கள் இருக்கிறார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி மனைவியை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தவன் நாலு பேருக்கு எங்கே போவான்? 2015இல் கடைச் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, ரத்தம் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதச் சொன்னேன். தோட்டப்பாளையம் பையன்கள், சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாத்தியார், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர், இப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் அந்த நோட்டு வாட்ஸாப் குழுவாயிற்று. அப்போது ஒரு குழுவில் 100 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, அடுத்த வருஷம் 256 ஆக்கினார்கள், 2022இல் 512, அதே வருஷக் கடைசியில் 1024. ஆள் கூடக் கூட உதவியும் கூடும் என்றுதான் நினைத்தேன், அப்படி நடக்கவில்லை. 100 பேர் இருந்தபோது ஒரு செய்தி போட்டால் நாலு பேர் கூப்பிடுவார்கள். 500 பேர் ஆனதும் எல்லோரும் கை கூப்பும் படம் போட்டுவிட்டு, வேறு யாராவது போவார்கள் என்று இருந்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் நாற்பது பேர் நின்றால் இலை எடுக்க ஆள் இருக்காது, அந்தக் கதைதான்.

சரி, உங்கள் மூன்றாவது தடவைக்கு வருகிறேன், பொய் அழைப்பு. அது பொய்கூட இல்லை, பழையது. மூன்று வாரத்துக்கு முன்னால் உண்மையாக இருந்த ஒரு செய்தி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தப் பத்து வருஷத்தில் நான் பார்த்த வீண் அலைச்சலில் பெரும்பாதி இப்படிப்பட்டதுதான், மோசடி கொஞ்சம்தான். அந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பியவர் ஒரு பைசா செலவில்லாமல் புண்ணியம் தேடிக்கொண்டார். கட்டை விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான் அவர் செய்தது. அவர் மிச்சப்படுத்திய அந்த ஒரு போன் கால்தான் உங்கள் அரை நாள் சம்பளம். எனக்கு ஃபார்வர்ட் செய்கிறவர்கள் மேல் இருக்கிற கோபம், நன்றி சொல்லாதவர்கள் மேல் கொஞ்சம்கூட இல்லை.

இதை நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். நாம் வட ஆற்காட்டுக்காரர்கள், நமக்கு 2018 மறந்திருக்கக் கூடாது. அந்த வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வடக்கேயிருந்து கூட்டமாக வந்திருக்கிறார்கள் என்று குரல் பதிவுகள் நம் பக்கத்து ஊர்களிலெல்லாம் சுற்றின. என் கடைக்கு வந்த அம்மாமார்களே போனை எடுத்து எனக்குப் போட்டுக் காட்டினார்கள். மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளைக்குச் சாக்லேட் கொடுப்பது நம்மில் யார்தான் செய்யாத காரியம்? அதற்காக அவரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது, கூட வந்தவர்களும் அடிபட்டார்கள். அந்தக் குரல் பதிவை அனுப்பியவர்கள் எல்லாம் கெட்டவர்களா? நாலு பேருக்குத் தெரியட்டும், நம்ம பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்று அனுப்பியவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகுதான் அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸாப் கட்டுப்படுத்தியது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றது 2020 ஏப்ரலில். அப்படிப் பல கை மாறிய செய்தியின் மேல் வரும் இரட்டை அம்புக்குறி இருக்கிறதே, அதைப் பார்த்தால் இப்போதும் எனக்கு அந்தப் போளூர் அம்மா ஞாபகம்தான் வருகிறது.

அதனால் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்தோம். யார் கேட்டாலும் நேரடியாகக் குழுவில் போட முடியாது. நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், எங்களில் ஒருவர் முதலில் நோயாளியுடன் இருப்பவரைக் கூப்பிடுவோம். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) என்ன, எத்தனை யூனிட், ரிக்வெஸ்ட் சீட்டு கையில் இருக்கிறதா, எப்போதைக்குள் வேண்டும். சந்தேகம் இருந்தால் ரத்த வங்கிக்கே போன். எல்லாம் சரி என்றால், செய்தியின் முதல் வரியில் "சரிபார்த்தது, 14ஆம் தேதி, மாலை 4.10" என்று போடுவோம். தேதியோடு நேரத்தையும் எழுதுகிற பழக்கம் 2021 மே மாதம் வந்தது. கொரோனா இரண்டாவது அலையில் ஆக்சிஜன் படுக்கை காலியாக இருக்கிறது என்று ஒரு செய்தி வரும், குடும்பமே ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடும், போய்ச் சேர்வதற்குள் அது நிரம்பியிருக்கும். காலையில் உண்மை, மதியம் பொய். தேதி மட்டும் போட்டால் போதாது என்று அந்த மே மாதம்தான் கற்றுக்கொடுத்தது.

வேலை முடிந்ததும் அந்தச் செய்தியை அழித்துவிட்டு, "முடிந்தது. இரண்டு பேர் போனார்கள். இனி யாரும் கிளம்ப வேண்டாம்" என்று போடுவோம். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் குழு ஓடுவது இந்த ஒரு வரியால்தான் என்பேன். குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு அது போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் இப்படி ஒரு வரி வந்திருந்தால் இந்தக் கேள்வியை இத்தனை கசப்போடு கேட்டிருப்பீர்களா? நீங்கள் நன்றி வரவில்லை என்கிறீர்கள், எனக்கென்னவோ சேதி வரவில்லை என்பதுதான் உங்களை அரிக்கிறது என்று தோன்றுகிறது. கொடுத்தோம், அது என்ன ஆயிற்று, ஆள் பிழைத்தானா, உபயோகப்பட்டதா, ஒன்றும் தெரியவில்லை. கிணற்றில் கல் போட்ட மாதிரி, சத்தம்கூட வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கொடுக்க வேண்டியது குழுவை நடத்துகிறவர்கள், நோயாளி வீட்டார் தலையில் அதையும் சுமத்துவது நியாயமில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு தடவை நான் அந்தத் தப்பைச் செய்தேன். குழு ஆரம்பித்த புதிது. ஒருவருக்கு ஐந்து நாளில் ஆறு பேரை அனுப்பினோம். அவர் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய். ஒருநாள் காலையில் பார்த்தால் அவர் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார், ஒரு வார்த்தை இல்லை. அனுப்பிய பையன்களில் ஒருவன் கடைக்கு வந்து, "இன்னாண்ணா, வேலை முடிஞ்சதும் கிளம்பிட்டாரு பாத்தியா" என்றான். எனக்கும் சுருக்கென்று இருந்தது. போனைப் போட்டு என் அரைகுறை இந்தியில், ஒரு நன்றியாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்ற தொனியில் கேட்டுவிட்டேன். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. "தாதா, ஸ்டேஷனில் இருக்கிறேன். அவள் நேற்று ராத்திரி போய்விட்டாள். ஆம்புலன்ஸுக்குக் காசு போதாது, இங்கேயே முடித்துவிட்டு ஊருக்குப் போகிறேன். குழுவில் இருந்தால் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அதனால்தான்." அவ்வளவுதான் சொன்னார், கடைசியில் அவர்தான் என்னிடம் மன்னிப்பும் கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. அதற்குப் பிறகு யாரையும் நன்றிக்காகக் கூப்பிட்டதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை ரத்தம் கொடுக்கிறவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. நீங்கள் யாருக்காக வந்தீர்களோ அவருக்கு உங்கள் ரத்தம் போயிருக்கும் என்பது நிச்சயமே இல்லை. எடுத்த ரத்தத்தை அப்படியே கொண்டுபோய் ஏற்றுவதில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனை கட்டாயம். அப்புறம் அதைப் பிரித்து சிவப்பணு ஒரு பை, தட்டணு (பிளேட்லெட்) ஒரு பை, பிளாஸ்மா ஒரு பை என்று வைக்கிறார்கள். சிவப்பணு குளிரில் 42 நாள் வரை தாங்கும், பிளாஸ்மா உறைய வைத்தால் ஒரு வருஷம், தட்டணுவுக்கு ஆயுள் ஐந்தே நாள், அதையும் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். உங்கள் சீட்டில் இருந்த நோயாளிக்கு ஏற்கெனவே இருப்பில் இருந்த பையைக் கொடுத்திருப்பார்கள், உங்கள் பை இருப்புக்குப் போயிருக்கும். ஆக ஆகஸ்ட் 20இல் நீங்கள் கொடுத்த 350 மில்லி ஒரு பிரசவத்துக்கும், ஒரு டெங்கு காய்ச்சலுக்கும், இன்னொன்று ஏதோ தீக்காயத்துக்கும் போயிருக்கலாம். அந்த மூன்று பேருக்கும் உங்கள் பெயர் தெரியாது, ஆஸ்பத்திரிக்காரர்களும் சொல்ல மாட்டார்கள். நன்றி சொல்ல வேண்டியவருக்கு யாருக்குச் சொல்வது என்று தெரியாது, நீங்கள் எதிர்பார்த்தவருக்கு நீங்கள் நேரடியாக ஒன்றும் கொடுத்திருக்கவும் மாட்டீர்கள். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு வேறு. கல்யாணத்தில் மொய் எழுதினால் பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். நான் 500 எழுதினால் என் வீட்டுக் கல்யாணத்தில் அந்த 500 திரும்ப வரும், கூட ஐம்பதோ நூறோ சேர்ந்து வரும், வராவிட்டால் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சண்டை பிடிக்கவும் ஆள் உண்டு. அதைக் குறை சொல்லவில்லை, அதுவும் ஒரு நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொய் நோட்டு மனசோடு இந்தக் குழுக்களுக்குள் வந்தால் ஆறு மாசம்கூடத் தாங்காது. இங்கே கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வராது. வாங்குகிறவர் முர்ஷிதாபாத்துக்குப் போய்விடுவார், உங்கள் கல்யாணத்துக்கு வர மாட்டார்.

நானே எத்தனை பேருக்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. கடையில் டிடிபி வேலையும் உண்டு. ஒரு தமிழ் வாத்தியார் பழைய இலக்கியம் ஏதாவது கேட்டு வருவார், நான் மதுரைத் திட்டத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து அச்சடித்துக் கொடுப்பேன். 1998 பொங்கலன்று தொடங்கிய வேலை அது, நம் பழைய நூல்களை ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்து, திருத்தி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று போட்டுவைத்திருக்கிறார்கள். எங்கெங்கோ நாட்டில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே செய்தவர்கள். தட்டச்சு செய்தவர் பெயர், பிழை திருத்தியவர் பெயர் எல்லாம் ஒவ்வொரு நூலின் தலைப்பிலேயே இருக்கும். பக்கம் இரண்டு ரூபாய் என்று காசு வாங்கியிருக்கிறேன், அந்தப் பெயர்களை ஒரு தடவைகூட நின்று படித்ததில்லை, தாள் மிச்சமாகும் என்று அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அச்சடிப்பேன். அப்போது நான் யார்? உங்கள் நோயாளி வீட்டாரைவிட மோசம்.

நன்றியே வேண்டாம் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரும்போது வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும், அதிலும் நம் பையன்கள் கோட்டை விடுகிறார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர், பேரனுக்குத் தட்டணு வேண்டியிருந்தது. எஸ்டிபி என்பார்களே, மெஷினில் உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுப்பது, அதற்கு எங்கள் பையன் ஒருவன் போயிருந்தான். முடித்துவிட்டு அவனும் நானும் வெளியே நிற்கிறோம், பெரியவர் ஒரு கேரி பேக்கில் இரண்டு ஆப்பிள் கொண்டுவந்து நீட்டினார். ஒன்றில் ஸ்டிக்கர் கூட இருந்தது. பையன் கையை இப்படிப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேணாங்க, நாங்க எதுவும் வாங்கறதில்ல" என்றான், பெருமையாகத்தான் சொன்னான், எங்கள் விதியும் அதுதான், கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் காசு பேசக் கூடாது. பெரியவருக்குத் தமிழ் புரியவில்லை, கை பின்னால் போனது மட்டும் புரிந்தது. நீட்டிய பையை அப்படியே மடக்கி வேட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார் பாருங்கள், அவர் அதுவரைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் கை நீட்டி வாங்கிக்கொண்டே இருந்தவர், கொடுக்க அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். நான் அந்தப் பையை வாங்கி, ஒன்றைப் பையனிடம் கொடுத்து அங்கேயே கடிக்கச் சொன்னேன். இப்போது விதியைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். காசு கூடாது, டீ, இளநீர், பழம் கொடுத்தால் மறுக்கக் கூடாது.

காசு விஷயத்தில் மட்டும் நான் இம்மி இறங்க மாட்டேன், அதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வாசல்களில் காசுக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அது நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. ஏழை நாலு காசு சம்பாதித்தால் என்ன தப்பு என்று சிலர் கேட்பார்கள். சொல்கிறேன். சோதனைகள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒருவருக்குத் தொற்று ஏற்பட்ட புதிதில் சில நாள் அது சோதனையில் தெரியாது. அந்த இடைவெளியை மூட மெஷின் கிடையாது, கொடுக்கிறவர் வாய்தான். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுக்கிறார்களே, காமாலை வந்ததா, சமீபத்தில் பச்சை குத்தினீர்களா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று, அதில் உண்மையை எழுத வேண்டும். காசுக்காக வந்தவன் உண்மையை எழுதினால் காசு போய்விடும். சும்மா வந்தவனுக்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை. அவசரப்பட்டு நீங்கள்கூட அந்தப் படிவத்தில் கடைசியாகக் கொடுத்த தேதியை மாற்றி எழுதிவிடாதீர்கள் தம்பி. அக்டோபரில் அந்த நோயாளி இருந்திருந்தால், அங்கே நின்றுகொண்டு, மாற்றி எழுதியிருப்பீர்களோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது.

காசு வாசல் வழியாகப் போய், போன் வழியாகத் திரும்பி வரப் பார்க்கிறது. குழுவில் போட்ட நம்பரைப் பார்த்து நோயாளி வீட்டாரைக் கூப்பிட்டு, "நான் ராணிப்பேட்டையிலிருந்து கிளம்பிவிட்டேன், பெட்ரோலுக்கு 800 ஜிபேயில் போடுங்கள்" என்பார்கள். போட்டதும் போன் சுவிட்ச் ஆஃப். எங்கள் குழுவிலேயே இரண்டு தடவை நடந்தது, அந்த வீட்டார்கள் அதற்குப் பிறகு உண்மையாகவே கிளம்பி வந்தவனையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். செய்யாறு, ஆரணி பக்கம் தீபாவளிச் சீட்டில் பணம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், பணம் போனதைவிட, சேர்த்துவிட்ட பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சு போனதுதான் பெரிய வலி என்பார்கள். இப்போது நோயாளி வீட்டாரிடம் முதல் போன் காலிலேயே சொல்லிவிடுகிறோம்: யார் காசு கேட்டாலும் அவர் எங்கள் ஆள் இல்லை.

பெண்கள் பற்றியும் ஒரு வார்த்தை, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். வாட்ஸாப் குழுவில் சேர்ந்தால் உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும். ஆண்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஒரு கல்லூரிப் பெண் ஏ நெகட்டிவ், நம் நாட்டில் நெகட்டிவ் வகையே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான், அப்படி ஒருவர் கிடைத்ததே பெரிது. சேர்ந்த பத்தாவது நாள் வெளியேறினார். குட் மார்னிங், சாப்பிட்டீங்களா, புரொஃபைல் படம் நல்லா இருக்கு. உதவி செய்ய வந்தவருக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அது. இப்போது பெண்கள் யாரையும் குழுவில் சேர்ப்பதில்லை, அவர்கள் நம்பர் என் மனைவியிடம் இருக்கிற நோட்டில் இருக்கிறது, தேவை வந்தால் அவள் கூப்பிடுவாள். அந்த நோட்டு 2015இல் சுவரில் தொங்கிய அதே நோட்டு. பத்து வருஷம் சுற்றி பாதிப் பேருக்குப் பழைய முறைக்கே திரும்பியிருக்கிறோம், எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆக, குழுக்களை விட்டு வெளியேறலாமா என்றால், ஆமாம், இரண்டிலிருந்து வெளியேறுங்கள், ஒன்றில் இருங்கள். எந்த ஒன்று என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கடைசி ஒரு மாசச் செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள். ரத்தம் வேண்டும் என்று வந்ததெல்லாம் இருக்கும், அதில் எத்தனைக்கு "முடிந்தது" என்று பதில் இருக்கிறது? அப்படிப் பதில் வருகிற குழுவில் யாரோ ஒருவர் போன் போட்டுக்கொண்டு இருக்கிறார் என்று அர்த்தம். கை கூப்பும் படமும் காலை வணக்கமும் மட்டும் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. அப்புறம் உங்கள் வகை பி பாசிட்டிவ், நம் நாட்டில் ஓ பாசிட்டிவுக்குச் சமமாக அதிகம் இருக்கிற வகை. பி பாசிட்டிவ் வேண்டும் என்று ஆறு ஊர் தாண்டி ஒரு செய்தி குடியாத்தம் வருகிறது என்றால், பெரும்பாலும் அது பழையதாகத்தான் இருக்கும், பக்கத்திலேயே ஆள் கிடைத்திருக்கும். பாம்பே வகை வேண்டும் என்று வந்தால் வேறு, 1952இல் பம்பாயில் கண்டுபிடித்த வகை அது, பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும், அதே வகைக்காரர்தான் அவர்களுக்குக் கொடுக்கவும் முடியும். அந்தச் செய்திதான் ஊர் தாண்டிப் போக வேண்டியது. அதையும் ஒரு போன் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

இதற்கெல்லாம் மேல், யார் கூப்பிடவும் காத்திருக்காமல் நீங்களாக ஒரு நாள் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். குடியாத்தத்திலேயே முகாம் போடுவார்கள். அவசரம் கிடையாது, யாருக்கு என்றும் தெரியாது, எடை 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருந்தால் போதும். யாரிடமும் நன்றி எதிர்பார்க்கவும் வழியில்லை, ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் கொடுப்பார்கள். என் கடைப் பையன்கள் சிலர் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், குழுவில் பெயர்கூட இல்லை.

நீங்கள் நம்பர் கொடுத்திருந்தீர்கள், எழுதிவைத்துக்கொண்டேன். ஆகஸ்ட் 20இலிருந்து எண்ணினால் உங்கள் 90 நாள் நவம்பர் 18ஆம் தேதி முடிகிறது. அதற்கு முன்னால் யார் கூப்பிட்டாலும், நான் கூப்பிட்டால்கூட, முடியாது என்று சொல்லுங்கள்.